டபுள் ஷாக் சைக்கிள்: வாங்கும் முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம்மூர்ப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுத ஒருவர் கிடைத்தாரே என்று சந்தோஷம்தான். ஆனால் முன்னும் பின்னும் ஷாக்கப்சர் இருக்கிற சைக்கிளாகப் பார்த்து வாங்கிவிட்டால் மேடு பள்ளமே தெரியாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவிலேயே பிள்ளைகள் டபுள் ஷாக் சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். நான் சில ஆண்டுகளாக முழு சஸ்பென்ஷன் பிரேம் (இரண்டு சக்கரத்துக்கும் ஷாக் வேலை செய்கிற வண்டிச் சட்டம்) ஒன்றை வைத்துக் குன்னூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டிருப்பவன். முழு வண்டியாக வாங்கவில்லை, வெறும் பிரேமாக வாங்கி மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கோத்தது. அதனால் இதில் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் கடைகளில் டபுள் ஷாக் என்று விற்கிறார்களே, அதைப் பார்ப்போம். சீட்டுக்கு அடியில் சிவப்பிலோ மஞ்சளிலோ கெட்டியாக ஒரு ஸ்பிரிங் தெரியும், பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும். அதற்குள் எண்ணெய் கிடையாது. ஸ்பிரிங் வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் குணம். அந்த அடியை வாங்கி, எண்ணெயைச் சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளி, சூடாக மாற்றி அடக்குவதற்கு டேம்பர் என்ற ஒன்று வேண்டும். பைக்கில் ஷாக்கப்சர் ஆயில் ஒழுகிப்போன பிறகு வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி எப்படித் துள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும், இந்தச் சைக்கிள்கள் புதிதாக வாங்கும்போதே அந்த நிலையில்தான் இருக்கின்றன. பின்பக்கம் மடங்குகிற இடத்தில் பெரும்பாலும் பேரிங் இருக்காது, ஒரு நைலான் புஷ்ஷைப் போட்டுவைத்திருப்பார்கள். அது தேய்ந்ததும் பின்சக்கரம் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். இரும்புக் குழாய், இரண்டு ஸ்பிரிங் என்று எடை வேறு ஏறிப்போய், பள்ளிக்கூடம் போகிற பையன் ஒவ்வொரு மிதிக்கும் பாதி உழைப்பை அந்த ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே செலவழிக்கிறான். அரசு 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லாச் சைக்கிளில் ஸ்பிரிங்கே கிடையாது, அது எத்தனை கிராமத்துப் பாதைகளைத் தாங்குகிறது என்று பாருங்கள். அதே பணத்துக்கு ஸ்பிரிங் இல்லாத சைக்கிளில் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் கிடைக்கும். பெற்றோர்கள் இந்தக் கடிதத்தில் இதுவரை படித்தாலே போதும், மீதி என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு.

சரி, உண்மையான முழு சஸ்பென்ஷன் பிரேமுக்கு வருவோம். மலைச் சைக்கிளில் முன்பக்க ஷாக் 1989-இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனி வெளியிட்ட ஆர்.எஸ்.-1 ஃபோர்க்குக்கு (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டைக்கு) பிறகுதான் பரவியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் துராங்கோவில் நடந்த சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அதை மாட்டிக்கொண்டு இறக்கப் பந்தயத்தில் ஜெயித்தார். பின்பக்கம் சரிப்பட இன்னும் வெகுகாலம் ஆனது. பின்சக்கரம் எந்தக் கோட்டில் மேலே போகவேண்டும், மிதிக்கும்போது செயின் இழுக்கிற இழுப்பு ஷாக்கை அமுக்காமல் இருக்க என்ன செய்வது, பிரேக் பிடித்தால் இறுகாமல் இருக்க என்ன வழி என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஹோர்ஸ்ட் லைட்னர் என்பவர் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், கிராங்கிலிருந்து அச்சுக்குப் போகிற கீழ்க்குழாயில், மடங்குகிற ஒரு மூட்டு வைத்தார். அந்தக் காப்புரிமையை 1998-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது, 2013 வாக்கில் அது காலாவதியான பிறகு அமெரிக்கச் சந்தையிலும் ஆளுக்கு ஆள் அதைப் போட ஆரம்பித்தார்கள். டேவ் வீகல் வடிவமைத்த டி.டபிள்யூ. லிங்க் என்ற பின்பக்க அமைப்பு இன்னொரு வழி. எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை. ஒழுங்காக அமைத்த சுமாரான பிரேம், அமைக்காமல் விட்ட விலை உயர்ந்த பிரேமைவிட நன்றாக ஓடும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். நான் எழுத வந்ததும் அதைத்தான்.

பிரேம் மட்டும் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து அளவுகளை எழுதிக்கொள்ள வேண்டும். பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அகலம் 148 மில்லிமீட்டரா, பழைய 142-ஆ? பழைய சக்கரம் கையில் இருக்கிறது என்று நம்பி 148 பிரேம் வாங்கினால் சக்கரமும் புதிதாக வாங்க வேண்டிவரும். சீட் கம்பியின் விட்டம் 30.9-ஆ, 31.6-ஆ, 34.9-ஆ? பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுற்றுகிற பேரிங், மரை போட்டதா, அமுக்கி ஏற்றுவதா? மரை போட்டது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், மழைக்காலத்தில் அருமை தெரியும். பின்னால் கியர் மாற்றுகிற டீரெய்லர் தொங்குகிற கொக்கி, அதை ஹேங்கர் என்பார்கள், 2019-இல் ஸ்ராம் கம்பெனி கொண்டுவந்த பொது வகையா என்று கேளுங்கள். அந்தந்தக் கம்பெனி ஹேங்கராக இருந்தால் வளைந்த அன்றைக்கு அந்தச் சின்ன அலுமினியத் துண்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஷாக் அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2016-க்குப் பிறகு வந்த பிரேம்கள் பெரும்பாலும் 210-க்கு 50, 230-க்கு 60 என்று மெட்ரிக் அளவில் இருக்கும். முதல் எண் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள நீளம், இரண்டாவது அது உள்ளே போகிற தூரம். அதற்கு முந்தியவை 200-க்கு 57, 216-க்கு 63 போன்ற அங்குல வழி அளவுகள். நீளம் ஒன்றுதானே, கொஞ்சம் அதிகம் உள்ளே போகிற ஷாக்காக மாட்டினால் இன்னும் சொகுசாக இருக்குமே என்று தோன்றும். செய்யாதீர்கள், முழுதாக அமுங்கும்போது பின்டயர் போய் சீட் குழாயில் உரசும். ஃபோர்க்கும் அப்படித்தான், பிரேமுக்குச் சொன்னதைவிட 10 மில்லிமீட்டர் நீளமாகப் போட்டால் தலைக்கோணம் (ஹேண்டில் குழாயின் சாய்வு) ஏறக்குறைய அரை டிகிரி சாய்ந்துவிடும், இறக்கத்தில் நன்றாகத்தான் இருக்கும், ஏற்றத்தில் முன்சக்கரம் பிடி இல்லாமல் அலையும்.

கோக்கும்போது ஒரு வேலையை மட்டும் மறக்கவே கூடாது. செயின் நீளத்தை முடிவு செய்வதற்கு முன் பின் ஷாக்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பின்சக்கரத்தைக் கடைசி வரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் சௌகரியம். சக்கரம் மேலே போகப் போக அச்சுக்கும் கிராங்குக்கும் (பெடல் பூட்டிய கைக்கும்) உள்ள தூரம் கூடுகிறது, அந்த நிலையில் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் செயின் ஏற இடம் இருக்க வேண்டும். நிற்கிற வண்டியில் அளந்து வெட்டினால், பெரிய பள்ளத்தில் இறங்குகிற நேரத்தில் செயின் இறுகி டீரெய்லரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதே நிலையில் டயருக்கும் சீட் குழாய்க்கும் இடைவெளி இருக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். முன்பக்கம் ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பதும் இதில் சேர்த்தி.

இனி காற்று. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே சீட்டைக் கையால் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு “கரெக்டா இருக்கு சார்” என்று வண்டியைத் தள்ளிவிட்டார்கள். கை அமுக்கலில் எதுவும் தெரியாது. ஏர் ஷாக் என்பது உங்கள் எடைக்கு ஏற்பக் காற்று அடித்துக்கொள்ள வேண்டிய ஸ்பிரிங். 55 கிலோ ஆளுக்கு அடித்த காற்று 85 கிலோ ஆளுக்கு ஆகாது. இதற்கென்று தனியாக ஒரு கைப்பம்ப் உண்டு, ஷாக் பம்ப் என்றே பெயர், 300 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரைக்கும் காட்டும். பிரேமுக்கு அவ்வளவு செலவு செய்கிறவர்கள் இதை வாங்காமல் விடுவது எனக்குப் புரியாத விஷயம். டயர் அடிக்கிற பம்ப்பையோ பங்க்சர் கடைக் கம்ப்ரஸரையோ ஷாக் வால்வில் வைக்கவே கூடாது. ஷாக்குக்குள் இருப்பது ஒரு டம்ளர் அளவு காற்றுகூட இல்லை, கம்ப்ரஸரில் அளவு கட்டுப்பாடே இருக்காது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், உங்கள் எடையைப் பவுண்டில் மாற்றி அதே எண்ணை பி.எஸ்.ஐ.யாக அடியுங்கள் என்று ஒரு நடைமுறை இருக்கிறது. 70 கிலோ என்றால் சுமார் 154. இது தொடக்கம்தான், பிரேமின் நெம்பு விகிதத்தைப் பொறுத்து மாறும். பின்சக்கரம் 130 மில்லிமீட்டர் மேலே வர ஷாக் 50 மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்றால் விகிதம் 2.6, விகிதம் கூடக் கூடக் காற்றும் கூட வேண்டியிருக்கும். கொஞ்சம் அடித்துவிட்டு ஷாக்கை நாலைந்து முறை மெதுவாக அமுக்கிவிடுங்கள், உள்ளே எதிர்ப்புறம் உள்ள சிறு அறைக்கும் காற்று போய்ச் சமமாகட்டும், மறுபடி அடியுங்கள். பிறகு வழக்கமாக ஓட்டப்போகும்போது என்னென்ன போடுவீர்களோ அத்தனையும் போட்டுக்கொண்டு, ஷூ, ஹெல்மெட், தண்ணீர் நிரம்பிய பை எல்லாவற்றோடும், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வண்டியில் ஏறி உட்காருங்கள். ஷாக் தண்டின் மேல் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், ஓ-ரிங். அதை மேலே, சீல் வரைக்கும் தள்ளிவிட்டு, குதிக்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்து நிற்கிற தூரம்தான் உங்கள் சேக், அதாவது உங்கள் எடைக்கு ஷாக் அமுங்குகிற அளவு. 50 மில்லிமீட்டர் ஓட்டத்தில் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் 30 சதவீதம், இந்த ரக வண்டிக்கு அதுதான் சரியான இடம். கூடுதலாக நகர்ந்தால் காற்று போதவில்லை, குறைவாக நகர்ந்தால் அதிகம். ஃபோர்க்குக்கு 20 சதவீதத்தை ஒட்டி வையுங்கள், அதை மட்டும் பெடல் மேல் நின்றுகொண்டு பார்க்க வேண்டும்.

பம்ப்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று சத்தம் வரும், அய்யோ காற்று போய்விட்டதே என்று மறுபடி மாட்டுவார்கள். போவது பம்ப் குழாயில் இருந்த காற்று, ஷாக்கில் இருந்தது அல்ல. ஆனால் மறுபடி மாட்டும்போது ஷாக்கிலிருந்து கொஞ்சம் குழாய்க்குள் ஏறும், மீட்டர் பத்து பதினைந்து குறைத்துக் காட்டும், உடனே இன்னும் இரண்டு அடி அடிப்பார்கள். இப்படியே சரிபார்த்துச் சரிபார்த்து ஷாக்கைக் கல்லாக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டரை நம்புவதைவிட ஓ-ரிங்கை நம்புவது மேல்.

அடுத்தது ரீபவுண்ட், பெரும்பாலும் சிவப்புத் திருகு. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழுகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. முழுவதும் மூடிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு கிளிக்காகத் திறந்துகொண்டே வாருங்கள். நடைபாதை ஓரக்கல்லிலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்கினால் பின்பக்கம் ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் திருகு ரொம்பத் திறந்திருக்கிறது. மூடி வைத்தால் வேறொரு தொந்தரவு: வரிசையாகக் கற்கள் கிடக்கிற பாதையில் ஒரு கல்லுக்கு அமுங்கியது எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும், போகப் போக ஷாக் உள்ளேயே மாட்டிக்கொண்டு வண்டி கட்டையாகிவிடும். தோட்டப் பாதைகளில் மழை அரித்துக் கல் பதித்தாற்போல் கிடக்கிற இறக்கங்களில் இது நன்றாகத் தெரியும். ஓட்டுகிறவர் ஷாக்கில் காற்று அதிகம் என்று நினைத்துக் குறைப்பார், இன்னும் மோசமாகும். காற்று கூட்டினால் ரீபவுண்டையும் கொஞ்சம் மூட வேண்டும், குறைத்தால் திறக்க வேண்டும், இரண்டும் ஜோடி. இவ்வளவும் செய்த பிறகும் சாதாரணப் பள்ளங்களிலேயே ஓ-ரிங் கடைசி வரை போய் இடிக்கிறது, ஆனால் சேக் சரியாக இருக்கிறது என்றால், காற்றைத் தொடாதீர்கள், ஷாக்கின் காற்றறைக்குள் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் சேர்த்து இடத்தைக் குறைக்க வேண்டும். நடுவில் மிருதுவாகவே இருக்கும், கடைசியில் மட்டும் இறுகும்.

மலை ஏறி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கட்டுரையில் இதைத் தொடவே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம் கூட. கீழே கோத்து, கீழேயே அமைத்த வண்டியைக் காரில் போட்டு மேலே கொண்டுவந்தால் ஃபோர்க் லேசாக விறைத்தாற்போல் இருக்கும். ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்குள் எண்ணெயோடு கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது, மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அது உள்ளிருந்து தள்ளுகிறது. இப்போது வருகிற சில ஃபோர்க்குகளில் கால்களின் பின்னால் இதை வெளியேற்ற ஒரு பட்டன் இருக்கிறது, ஒரு அமுக்கு, சின்ன சீறல், முடிந்தது. பட்டன் இல்லாதவர்கள் ஒரு கேபிள் டையின் முனையை வழவழப்பாகத் தேய்த்து, தூசு சீலுக்கும் தண்டுக்கும் நடுவே மெதுவாக நுழைத்தால் காற்று போய்விடும். தண்டில் கீறல் விழாமல் செய்ய வேண்டும், கீறல் விழுந்தால் சீல் போய்விடும். டயருக்கு இந்தப் பயம் வேண்டாம், உயரத்தால் கூடுகிற அழுத்தத்தைக் குளிர் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

பராமரிப்பு என்று வந்தால் நம்மூரில் பெரிய எதிரி வாட்டர் சர்வீஸ். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் ஓட்டினால் செம்மண் வண்டி முழுக்க அப்பிக்கொள்ளும், உடனே பைக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் பீய்ச்சி அடிக்கச் சொல்வார்கள். அந்த வேகத்தில் தண்ணீர் ஒவ்வொரு மூட்டுப் பேரிங்குக்குள்ளும் போய் கிரீஸைக் கரைத்துவிடும். வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும். கழுவிய பிறகு சீட்டின் பின்முனையைப் பிடித்து, சக்கரம் தரையை விட்டு எழாத அளவுக்கு லேசாகத் தூக்கித் தூக்கி விடுங்கள், விரலில் ‘டொக்’ என்று ஒரு ஆட்டம் தட்டினால் ஷாக் கண்ணில் உள்ள புஷ்ஷோ, ஏதாவது ஒரு மூட்டோ தேய்ந்திருக்கிறது. மூட்டு போல்ட்டுகளுக்கு முறுக்கு அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் கட்டாயம், எவ்வளவு முறுக்கு என்பதைப் பிரேம் கம்பெனி கொடுத்த தாளில் பாருங்கள், மரையில் நீல நிற லாக்டைட் (போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விடுங்கள். கையாலேயே அளவு தெரியும் என்று சொல்கிற மெக்கானிக்கிடம் கார்பன் பிரேமைக் கொடுக்காதீர்கள்.

மூட்டுப் பேரிங் போய்விட்டால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று பயப்பட வேண்டாம். பழைய பேரிங்கின் சீலில் 6902 என்றோ 6802 என்றோ எண் பொறித்திருக்கும், உலகம் முழுக்க ஒரே அளவு. மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் பேரிங் விற்கிற கோயம்புத்தூர்க் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சைக்கிள் மூட்டு முழு வட்டம் சுற்றுவதில்லை, சில டிகிரிதான் முன்னும் பின்னும் ஆடுகிறது, பாரம் முழுவதும் ஒரே இடத்தில் விழும், அதனால் பல கம்பெனிகள் குண்டுகளைப் பிரித்து வைக்கிற கூண்டு இல்லாமல் அவற்றை நெருக்கி அடுக்கிய ரகத்தைப் போடுகின்றன. சாதாரண ரகம் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் போகும், மழைக்காலத்தைத் தள்ளுவதற்கு அது போதும். ஷாக்கின் காற்றறை சீல்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். அதை வீட்டிலேயே செய்யலாம், காற்றை முழுவதும் இறக்கியிருக்கிறோம் என்பது நிச்சயமான பிறகுதான் திறக்க வேண்டும். உள்ளே டேம்பர் பக்கம் நைட்ரஜன் அடைத்திருக்கும் ஷாக்குகள் உண்டு, அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது, பெங்களூரு மாதிரி ஊருக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உண்மை, ஆனால் நல்ல பிரேம் எல்லாம் இறக்குமதி, அதற்குச் சுங்கவரி தனி, பிரேம் மட்டுமே லட்சத்தைத் தாண்டும். முதல்முறை வாங்குகிறவர் பிரேமாக வாங்காமல் முழு வண்டியாக வாங்குவதுதான் கணக்குக்கு நல்லது, தனித்தனியாகச் சேர்த்தால் கடைசியில் கூடத்தான் ஆகும். பழைய பிரேம் வாங்குவதென்றால் மூட்டுகளைச் சுற்றியும் பற்றவைத்த இடங்களிலும் பெயின்ட்டில் முடி மாதிரி கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கோடு தெரிந்தால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும், எங்கள் பக்கத்துப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தாராளம். அப்புறம் ஏன் நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், எனக்குப் பிடித்திருக்கிறது, வேறு பதில் இல்லை.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள். காட்டுப் பாதைகளில் ஓட்டலாம் என்று கட்டுரையில் பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், தேயிலைத் தோட்டப் பாதைகள் பல தனியார் நிலம், மேனேஜரிடமோ காவலாளியிடமோ கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், கேட்காமல் போனால் அடுத்தவனுக்கும் கதவு மூடிவிடும். விடியற்காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் தோட்டத்து வளைவுகளில் காட்டெருமை நிற்கும், நல்ல சஸ்பென்ஷன் வண்டி சத்தமே இல்லாமல் அதன் பக்கத்தில் போய் நின்றுவிடும், அதனால் ஹேண்டிலில் ஒரு மணி கட்டிக்கொள்ளச் சொல்லி அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
குன்னூர்.